உடம்புச் சூடும் ஒரு கரும்புள்ளியும்

தம்பி,

கல்யாணப் பத்திரிகை அச்சாகி வந்துவிட்டது. உன் பெயருக்குப் பக்கத்தில் பவித்ராவின் பெயரைப் பார்த்ததும் நான் முதலில் செய்தது எழுத்துப்பிழை தேடியதுதான். பிறகு நாள், முகூர்த்த நேரம், மண்டபத்தின் பெயர் எல்லாவற்றையும் காலண்டரோடு வைத்துச் சரிபார்த்தேன். எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த உன் அப்பா, "அச்சடிச்சவன் மேல கூடவா சந்தேகம் டீச்சர்?" என்று சிரித்தார். ஊரெல்லாம் என்னை டீச்சர் என்று கூப்பிட்டுப் பழகி, அவருக்கும் அந்த வார்த்தையே வாயில் நின்றுவிட்டது. சிரிக்கட்டும். நான் அப்படித்தான். காய்கறிக்காரர் தராசைப் பார்ப்பேன், மருந்துக் கடையில் மாத்திரை அட்டையைத் திருப்பிப் பார்ப்பேன், நீ சின்ன வயதில் வயிற்று வலி என்று சொன்னால் அன்று என்ன பரீட்சை என்று பார்ப்பேன். இந்தக் கடிதமும் என்னுடைய சந்தேகங்களைப் பற்றியதுதான்.

போன வாரம் போனில் நீ ஒன்று கேட்டாய். "தை மாசம் அவளைப் பொய்க்காரின்னு சொன்னே. மாசியில நீயே போய்ப் பொண்ணு கேட்டுட்டு வந்தே. நடுவுல என்னம்மா நடந்துச்சு?" அப்புறம் சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன். பவித்ராவிடமும் நீ கேட்டிருப்பாய், அவள் சொல்லியிருக்க மாட்டாள், நான்தான் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன். போனில் சொன்னால் நீ நடுநடுவே "சரிம்மா, சரிம்மா" என்பாய். எழுதினால் கடைசிவரை படித்துத்தான் ஆக வேண்டும். கல்யாணத்துக்கு வருகிறவர்களில் யாராவது இதைப் படித்தாலும் எனக்குக் கூச்சமில்லை. அவர்கள் வீட்டிலும் இப்படி ஏதாவது இருக்கும்.

டெலஸ்கோப்பிலிருந்து தொடங்க வேண்டும். நான் வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் நீ வெளியூரிலிருந்து அந்த எட்டு அங்குலக் கண்ணாடியை வரவழைத்துக் கொடுத்தாய், ஞாபகம் இருக்கும். முதலில் நன்னிலத்தில் தகரக் குழாய் அடித்து, அதன் அடியில் கண்ணாடியைப் பொருத்தினோம். நிலாவைப் பார்த்தபோது சந்தோஷமாகத்தான் இருந்தது. வியாழனைப் பார்த்தால்தான் வம்பு. படித்துறையில் நின்று, ஓடுகிற தண்ணீருக்குள் கிடக்கும் கூழாங்கல்லைப் பார்க்கிற மாதிரி நெளிந்தது. கண்ணாடிக்காரன் மட்டமானதைத் தலையில் கட்டிவிட்டான் என்று உனக்கு அப்போதே சொன்னேன். பிறகு ஒருநாள் பொழுது சாய்ந்ததும் குழாய்க்குள் கையை விட்டுப் பார்த்தேன். வெளியே காற்று குளிர்ந்திருந்தது, உள்ளே அடுப்படி மாதிரி வெதுவெதுப்பு. பகலெல்லாம் மாடி அறையில் கிடந்து தகரமும் கண்ணாடியும் சூட்டைக் குடித்துவிட்டு, சாயங்காலம் அதைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக்கொண்டிருந்தன. அந்தச் சூடான காற்று குழாயின் மேல்பக்கத்தை ஒட்டியே ஊர்ந்து வாய் வழியாக வெளியே போகிறது. நட்சத்திரத்தின் வெளிச்சம் அதே குழாய் வழியாகத்தான் உள்ளே வர வேண்டும். சூடான காற்றில் ஒரு பக்கமும் குளிர்ந்த காற்றில் ஒரு பக்கமும் வளைந்து வளைந்து வந்தால் படம் எப்படி நிற்கும்? கண்ணாடிக்காரனைத் திட்டியதை நிறுத்தினேன்.

அதனால்தான் குழாயே வேண்டாம் என்று மாற்றினேன். அடியில் கண்ணாடிக்கு ஒரு பெட்டி, மேலே ஒரு மர வளையம், நடுவில் வெறும் அலுமினியக் கம்பிகள். பந்தல் போட்டுத் துணி கட்டாமல் விட்டது போல நாலு பக்கமும் திறந்து கிடந்தது. காற்று புகுந்து புறப்பட்டது, கண்ணாடி சீக்கிரம் ஆறியது, சூட்டால் நட்சத்திரத்துக்கு முளைத்திருந்த வால் போய்விட்டது. ஆனால் வியாழன் மட்டும் எனக்கு நெளிந்துகொண்டேதான் இருந்தது. அப்பாவைக் கூப்பிட்டுக் காட்டுவேன். குனிந்து பார்த்துவிட்டு, "அருமையா இருக்கு டீச்சர், பட்டை பட்டையாத் தெரியுது" என்பார். ஒவ்வொரு தடவையும் அதே வார்த்தை. அப்படியானால் கோளாறு என் கண்ணில்தான் என்று நினைத்து, திருவாரூர் போய்ப் பரிசோதித்துக்கொண்டேன். மூக்குக் கண்ணாடி பவர் கொஞ்சம் மாற வேண்டும், மற்றபடி நன்றாக இருக்கிறது என்றார்கள். அப்பாவையும் அன்றைக்கு வரச்சொன்னேன். "எனக்குத்தான் நல்லாத் தெரியுதே, நான் எதுக்கு?" என்று வயலுக்குக் கிளம்பிவிட்டார். அதை நான் சந்தேகப்படவில்லை. தராசையும் மாத்திரையையும் திருப்பிப் பார்க்கிறவள், தினமும் கூடச் சாப்பிடுகிற மனுஷனைத் திருப்பிப் பார்க்கவில்லை.

இந்த நிலையில்தான் பொங்கலுக்கு நீ சிங்கப்பூரிலிருந்து வந்தாய், காணும் பொங்கலன்று பவித்ராவை வீட்டுக்குக் கூட்டிவந்தாய். தஞ்சாவூர்க் காலேஜில் கூடப் படித்த பெண், இப்போது மயிலாடுதுறையில் பேங்க் வேலை, அப்பா தரங்கம்பாடிப் பக்கம் படகு வைத்துக் கடலுக்குப் போகிறவர் என்று முன்னாலேயே சொல்லியிருந்தாய். நான் மரியாதையாகத்தான் வரவேற்றேன், நீயும் அதைக் குறை சொல்ல முடியாது. ஆனால் உள்ளே ஒரு கணக்கு ஓடிக்கொண்டே இருந்தது. அவள் அம்மா கொடுத்துவிட்ட இறால் தொக்கை மூடியைத் திறந்து முகர்ந்து பார்த்தேன். செருப்பை எங்கே விடுகிறாள், சாப்பிட்ட தட்டை எடுக்கிறாளா, என்னைப் பார்த்துப் பேசுகிறாளா உன்னைப் பார்த்துப் பேசுகிறாளா என்று எல்லாம் பார்த்தேன். ஒன்றிலும் குறை கிடைக்கவில்லை. குறை கிடைக்காததே எனக்குச் சந்தேகமாக இருந்தது. இவ்வளவு சரியாக ஒருத்தி இருப்பாளா, சொல்லிக்கொடுத்து வந்திருக்கிறாளோ என்று தோன்றியது. நம் ஆட்களில் ஒரு பெண்ணாக இருந்திருந்தால் இந்த அளவுக்கு உற்றுப் பார்த்திருப்பேனா என்று கேட்டால், மாட்டேன். அதை மறைக்க எனக்கு விருப்பமில்லை, நீ அதைத் தெரிந்துகொண்டுதான் இந்த வீட்டின் பிள்ளையாக இருக்க வேண்டும்.

விளக்கு வைத்துக் கொஞ்ச நேரத்தில் எல்லோரும் மாடிக்கு ஏறினோம். கிழக்கே வியாழன் தென்னைக்கு மேலே வந்திருந்தது. எனக்கு முழங்கால் வலி, நிற்க முடியாது, பிளாஸ்டிக் நாற்காலியை டெலஸ்கோப்பை ஒட்டிப் போட்டு, சாய்ந்திருந்த கம்பிகளுக்கு அடியில் காலை நீட்டி, இடது கையால் மேல் வளையத்தைப் பிடித்துக்கொண்டுதான் எப்போதும் பார்ப்பேன். அன்றும் அப்படித்தான். படம் கொதித்தது. அடுத்து அவள். "தொடாதே, ஆடிடும்" என்று நீ சொல்லியிருந்ததால், நாற்காலியைத் தள்ளிவிட்டு, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, தள்ளி நின்று கழுத்தை மட்டும் நீட்டிப் பார்த்தாள். என்னையும் அந்தப் பக்கம் போய் உட்காரச் சொன்னாய், நான் படிக்கட்டுச் சுவரில் போய்ச் சாய்ந்துகொண்டேன். ரொம்ப நேரம் பார்த்தாள்.

"ரெண்டு பட்டை தெரியுதுங்க ஆன்ட்டி. மேல் பட்டைக்குப் பக்கத்துல ஒரு கரும்புள்ளி இருக்கு. மச்சம் மாதிரி."

நான் போய் உட்கார்ந்து பார்த்தேன். புள்ளியும் இல்லை, மச்சமும் இல்லை, நெளிகிற ஒரு வெள்ளைப் பொட்டுதான். அப்பா பார்த்துவிட்டு, "ஆமா ஆமா, நல்லாத் தெரியுது புள்ளி" என்றார். நீ என் தலைக்கு மேலே குனிந்து பார்த்துவிட்டு, "ஏதோ இருக்கற மாதிரிதான் இருக்கு" என்றாய். எனக்கு முகம் வாடிவிட்டது, நீ கவனிக்கவில்லை. அவள் கிளம்பிப் போனதும் என் போனில் இருக்கிற நட்சத்திர ஆப்பைத் திறந்து பார்த்தேன். அந்த நேரத்தில் வியாழனின் ஒரு நிலாவின் நிழல் அதன் மேல் விழுந்து நகர்ந்துகொண்டிருந்தது உண்மைதான். அதைப் பார்த்ததும் ஒரு சாதாரண மனுஷி என்ன நினைப்பாள்? அந்தப் பெண் சொன்னது சரி என்று நினைப்பாள். நான் என்ன நினைத்தேன் தெரியுமா? மாடிப்படி ஏறும்போது அவள் கையில் போன் இருந்தது. முன்கூட்டியே பார்த்து வைத்துக்கொண்டு, கண்ணில் தெரிந்த மாதிரி சொல்லி என்னைக் குளிர வைக்கப் பார்க்கிறாள் என்று நினைத்தேன்.

அடுக்களையில் வைத்து உன்னிடம் சொன்னதும், நீ குழம்புக் கரண்டியைக் கீழே வைத்ததும் எனக்கு அப்படியே கண்ணில் இருக்கிறது.

"அந்தப் பொண்ணு பொய் சொல்லுதுப்பா."

"என்ன பொய்?"

"தெரியாததைத் தெரியுதுன்னு சொல்லுது. இன்னைக்கு இது. நாளைக்கு வேற ஒண்ணு."

"ஒரு புள்ளிக்காகவாம்மா?"

"புள்ளி சின்னதுதான். பழக்கம் பெரிசு."

நீ பதில் சொல்லவில்லை. மறுநாள் திருச்சி ஏர்போர்ட்டுக்குக் கார் வந்தபோதும் அப்பாவிடம்தான் சொல்லிக்கொண்டாய். அதற்குப் பிறகு போன் இல்லை, மெசேஜ் இல்லை. நான் அனுப்பியதைப் படித்துவிட்டாய் என்பதற்கு நீலக் குறி மட்டும் வரும். பிள்ளை பேசாமல் போன வீட்டில் சாப்பாட்டு நேரம் எப்படி இருக்கும் என்று உனக்குத் தெரியாது. எனக்குத் துக்கம் வந்திருக்க வேண்டும். ஆனால் எனக்கு வந்தது வைராக்கியம். அவள் பொய்க்காரி என்பதை உனக்கு நிரூபித்துக் காட்டிவிட வேண்டும் என்று இருந்தது.

ஒரு பொறி வைத்தேன். அதற்கு வேறு பெயர் கொடுக்க மாட்டேன். எந்த நிலாவின் நிழலும் வியாழன் மேல் விழாத ஒரு சனிக்கிழமையை ஆப்பில் தேடிப் பிடித்து, பவித்ராவுக்குப் போன் செய்தேன். நீ இல்லாமல் நானே கூப்பிட்டது அவளுக்கு ஆச்சரியமாக இருந்திருக்கும். பேங்க் முடிந்து பஸ் ஏறி வந்தாள். வந்ததும், "போனை இங்க சார்ஜுல போட்டுட்டு வாம்மா, மேலே பனி" என்று சொல்லிக் கீழேயே வைக்கச் செய்தேன். மாடியில் நாற்காலியைத் தள்ளிப் போட்டு முதலில் அவளையே பார்க்க விட்டேன். நான் மாடி அறை வாசலில் நின்றபடி, சாதாரணமாகக் கேட்கிற மாதிரி கேட்டேன்.

"அந்தக் கரும்புள்ளி இன்னைக்கும் அதே இடத்துல இருக்கா, பாரு."

குளத்துக்குள் விழுந்த எதையோ தேடுகிற மாதிரி பார்த்தாள். நான் காத்திருந்தேன். ஆமாம் என்று ஒரு வார்த்தை வந்தால் போதும், உனக்கு அன்றைக்கே எழுதியிருப்பேன்.

"இல்லைங்க ஆன்ட்டி. அன்னைக்கு இருந்துச்சு. இன்னைக்கு இல்லை."

"நல்லாப் பாரும்மா. அன்னைக்கு அங்கிளுக்குக்கூடத் தெரிஞ்சுதே."

"இல்லைங்க. பட்டை ரெண்டும் தெளிவா இருக்கு. பக்கத்துல ஒரு நிலா ரொம்ப ஒட்டி நிக்குது. புள்ளி இல்லைங்க."

தெரிகிறது என்று சொன்னால் எனக்குப் பிடிக்கும் என்று அவளுக்குத் தெரியும். அப்படியும் இல்லை என்று சொன்னாள். பொய் சொல்கிறவள் எதற்காக இல்லை என்று சொல்ல வேண்டும்? எனக்குக் குழப்பமாகிவிட்டது. நிலா ஒட்டி நிற்கிறதா என்று நானே பார்த்துவிடலாம் என்று நாற்காலியை இழுத்துக்கொண்டு போய்க் கம்பிகளுக்கு அடியில் போட்டு உட்கார்ந்தேன். அவள் இன்னும் கண்ணை எடுக்கவில்லை.

"ஆன்ட்டி, இப்ப ஆட ஆரம்பிச்சிடுச்சு."

"நான் எதையும் தொடலை."

"தொடலைங்க. ஆனா பட்டையெல்லாம் கலங்கிடுச்சு. கொஞ்சம் எந்திரிச்சு அந்தப் பக்கம் போறீங்களா?" நான் போனேன். கொஞ்ச நேரம் கழித்து, "இப்ப நின்னுடுச்சுங்க" என்றாள்.

எனக்குச் சுருக்கென்றது. நான் வந்தால் கெட்டுப்போகிறது, போனால் சரியாகிறது என்று என் வீட்டு மாடியில் நின்று ஒரு பெண் சொல்கிறாள். ஆனால் நான் இத்தனை வருஷம் பிள்ளைகளுக்கு அறிவியல் சொல்லிக்கொடுத்தவள். கோபப்படுவதற்கு முன்னால் சோதித்துப் பார்க்க வேண்டும். "நீ கண்ணை எடுக்காதே. ஆடுனா ஆடுதுன்னு சொல்லு, நின்னா நின்னுடுச்சுன்னு சொல்லு. நான் எங்க இருக்கேன்னு பார்க்காதே" என்றேன். செருப்பைக் கழற்றிவிட்டுச் சத்தமில்லாமல் கிட்டே போனேன், விலகினேன், மறுபடி போவது போல நின்றுவிட்டுப் போகாமலே இருந்தேன், ஏமாற்றிப் பார்த்தேன். ஒரு தடவைகூட அவள் தப்பாகச் சொல்லவில்லை.

அதற்கப்புறம் கீழ்வானத்தில் பளிச்சென்று இருந்த ஒரு நட்சத்திரத்துக்கு டெலஸ்கோப்பைத் திருப்பி, ஃபோகஸை வேண்டுமென்றே கலைத்து, அதைப் பெரிய வெளிச்ச வட்டமாக ஆக்கிப் பார்த்தேன். அவளைக் கம்பிகளுக்கு அடியில் கையை நீட்டச் சொன்னேன். உலை கொதிக்கும்போது ஆவி எழும்புமே, அந்த மாதிரி அந்த வட்டத்துக்குள் அவள் விரல்களிலிருந்து நெளிநெளியாக எழும்பி ஓடியது. கையை எடுத்ததும் அடங்கிவிட்டது. வெறும் கைச்சூடு. கைக்கே அப்படி என்றால், சால்வை போர்த்தி, காதில் மப்ளர் கட்டி, கம்பிகளுக்கு அடியில் காலை நீட்டி, வளையத்தைப் பிடித்துக்கொண்டு, அதன் வாய்க்கு நேரே மூச்சும் விட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்த என் முழு உடம்பும் என்ன செய்திருக்கும்? தகரக் குழாய் தன் சூட்டை உள்ளே அடைத்து வைத்தது, ஆனால் என் சூட்டை வெளியே நிறுத்தியிருந்தது. குழாயைத் திறந்துவிட்டதும் தகரத்தின் சூடு போனது, என் சூடு தாராளமாக உள்ளே புகுந்தது. தள்ளி நின்று பார்த்தவளுக்கு வியாழன் தெளிவாகத் தெரிந்தது. அதன் மேலேயே சாய்ந்து பார்த்த எனக்கு ஒன்றும் தெரியவில்லை. கண்ணாடிக்காரன், என் கண், இந்தப் பெண் என்று வரிசையாகச் சந்தேகப்பட்டேன். உட்கார்ந்திருந்த இடத்தை மட்டும் சந்தேகப்படவில்லை.

சந்தேகப்படாதே என்று உனக்கு அறிவுரை சொல்ல மாட்டேன் தம்பி. அது எனக்கு வராது. சந்தேகம் வந்தால் முழுசாகச் சந்தேகப்படு என்றுதான் சொல்வேன். அந்த வரிசையில் உன்னையும் ஒரு ஆளாக நிறுத்து. ஒரு படம் கலங்கினால் யார் ஆட்டுகிறார்கள் என்று தேடுவதற்கு முன்னால், எழுந்து ஓரமாகப் போய் நின்று பார். உனக்கும் அவளுக்கும் சண்டை வரும், வராமல் இருக்காது. அப்போது இது உதவும்.

ஆனால் அன்றைய பொறி வீணாகவில்லை. அதில் விழுந்தது வேறு ஆள். நாங்கள் இரண்டு பேரும் கையை நீட்டி, எடுத்து, சின்னப் பிள்ளைகள் மாதிரி விளையாடிக்கொண்டிருந்தபோது அப்பா சுண்டல் தட்டோடு மேலே வந்தார். டெலஸ்கோப்பை மறுபடி வியாழனுக்குத் திருப்பி வைத்துவிட்டு, சுண்டல் தின்றுகொண்டே பவித்ராவிடம் சூட்டைப் பற்றி விளக்கிக்கொண்டிருந்தேன். அப்பா தானாகவே போய்க் குனிந்து பார்த்தார்.

"அருமையா இருக்கு டீச்சர். பட்டை பட்டையாத் தெரியுது. புள்ளிகூட மிளகு மாதிரி நிக்குது."

பவித்ரா என்னைப் பார்த்தாள், உடனே குனிந்துகொண்டாள். புள்ளி இல்லாத நாள் அது. நான் போய் ஐபீஸ் லென்ஸில் கண்ணை வைத்தேன். வியாழனே இல்லை. வானம் நகர்ந்துகொண்டே இருக்கும் அல்லவா, யாரும் டெலஸ்கோப்பைத் தள்ளிக்கொடுக்காததால் அது எப்போதோ வெளியே போயிருந்தது. அவர் பார்த்தது வெறும் இருட்டு.

"என்னங்க, உங்களுக்கு என்ன தெரிஞ்சுதுன்னு இன்னொரு தடவ சொல்லுங்க" என்றேன். அவர் தட்டைக் கையில் எடுத்துக்கொண்டு கீழே இறங்கப் பார்த்தார். படிக்கட்டில் காலை வைப்பதற்கு முன்னால் காலாலேயே படியைத் தடவிப் பார்த்தார். இருட்டில் எல்லோரும் அப்படித்தான் செய்வார்கள் என்று நினைத்திருப்பேன். அன்றைக்கு விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

பவித்ராதான் மெதுவாகச் சொன்னாள். "அங்கிள் போன தடவையே லென்ஸுக்கு நேரா கண்ணை வைக்கலைங்க ஆன்ட்டி. பக்கத்துல வச்சுட்டுத் தெரியுதுன்னாங்க. சொல்லலாமா வேணாமான்னு யோசிச்சேன். முதல் தடவை வந்த வீட்டுல இதைச் சொன்னா எப்படி எடுத்துப்பீங்கன்னு தெரியலை." எப்படி எடுத்திருப்பேன் என்று எனக்குத் தெரியும். வந்த அன்றைக்கே கோள் சொல்கிறாள் என்று உன்னிடம் சொல்லியிருப்பேன்.

கீழே போய் அவரைப் பிடித்து உட்கார வைத்துக் கேட்டேன். முதலில் மழுப்பினார். ஒரு கண்ணைப் பொத்திக்கொண்டு காலண்டரில் இருக்கும் தேதியைப் படிக்கச் சொன்னதும் அழுதுவிட்டார். நீ அவர் அழுது பார்த்ததில்லை, நானும் அதிகம் பார்த்ததில்லை. ஒரு கண்ணில் எல்லாமே புகையாகத் தெரிகிறது, இன்னொரு கண்ணில் ஓரம் இருண்டு வருகிறது, ரொம்ப நாளாகவே இப்படித்தான் என்றார். ஐப்பசியில் வாய்க்கால் கரையில் வண்டியோடு விழுந்தாரே, நாய் குறுக்கே வந்தது என்று நம் எல்லோரிடமும் சொன்னாரே, நாயெல்லாம் வரவில்லையாம். மதகுச் சுவர் தெரியவில்லையாம்.

"ஏன் சொல்லலை?"

"சொன்னா வண்டிச் சாவியப் பிடுங்கிக்குவீங்க. நிலத்தக் குத்தகைக்கு விடச் சொல்லுவீங்க. வீட்டுல உக்காந்து நான் என்ன பண்றது?"

"சரி, மாடியில எதுக்கு இல்லாததை இருக்குன்னு சொன்னீங்க?"

"நீ ஆசையாச் செஞ்ச. தெரியலைன்னு சொன்னா ஏன்னு கேப்ப. உன் கேள்விக்கு யாரு பதில் சொல்றது?"

அந்தக் கடைசி வார்த்தை எனக்கு. நான் கேள்வி கேட்டுக் கேட்டு, ஆமாம் என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளப் பழகிவிட்டார். வீட்டில் யாராவது எல்லாவற்றுக்கும் ஆமாம் சொன்னால் சந்தோஷப்பட்டு விட்டுவிடாதே தம்பி. இல்லை என்று சொல்ல அவர்களுக்கு ஏன் பயம் என்று பார். பவித்ரா உன்னிடம் இல்லை என்று சொல்லும்போதெல்லாம் அதை ஒரு நல்ல செய்தியாக எடுத்துக்கொள்.

அப்பாவுக்குக் கண் ஆபரேஷன் என்று மட்டும்தான் உனக்குச் சொன்னோம். தஞ்சாவூரில் டாக்டர் சொன்னது முழுதும் இது. வலது கண்ணில் புரை முற்றியிருந்தது, அதை எடுத்தாயிற்று, அந்தக் கண் இப்போது நன்றாக இருக்கிறது. இடது கண்ணில் அழுத்தம் கூடி நரம்பு பாதி கெட்டுவிட்டது. கெட்டது திரும்பாது, மிச்சம் இருப்பதைச் சொட்டு மருந்து போட்டுக் காப்பாற்ற வேண்டும். இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தால் அதுவும் போயிருக்கும் என்றார். ஆஸ்பத்திரிக்கு லீவு போட்டுவிட்டுக் கூட வந்தது பவித்ரா. சொட்டு மருந்து போட்டாரா என்று நான் தினமும் பாட்டிலைத் தூக்கி வெளிச்சத்தில் பார்க்கிறேன். அவர் முறைப்பார். முறைக்கட்டும். வண்டிச் சாவி என்னிடம்தான் இருக்கிறது. நிலத்தை அவரே பார்க்கிறார், வயலுக்கு நடந்து போகிறார்.

டெலஸ்கோப்பை என்ன செய்தேன் என்று கேட்பாய். கூத்தாநல்லூர் ஜவுளிக் கடையில் கறுப்பு லைனிங் துணி வாங்கி, பாவாடை தைக்கிற மாதிரி தைத்து, கம்பிகளைச் சுற்றிப் போட்டுவிட்டேன். என் சூடு உள்ளே போகாது, தகரம் மாதிரி அது சூட்டைச் சேர்த்தும் வைக்காது. அடியில் கண்ணாடிப் பெட்டிக்கு மேலே ஒரு சாண் இடைவெளி விட்டு, பழைய கம்ப்யூட்டரிலிருந்து கழற்றிய சின்ன ஃபேனைப் பின்னால் மாட்டியிருக்கிறேன், கண்ணாடி சீக்கிரம் ஆறுவதற்கு. நாற்காலியைப் பக்கவாட்டில் தள்ளிப் போட்டாயிற்று. வளையத்தைப் பிடிப்பதில்லை. வியாழன் எனக்கும் நிற்கிறது இப்போது. டெலஸ்கோப்பின் வாய்க்கு மேலே எழும்பும் என் மூச்சு மட்டும் சில நேரம் கலக்குகிறது, அதற்கும் ஒரு மறைப்பு வைக்கலாமா என்று யோசிக்கிறேன்.

இனி நீ இதுவரை யாரிடமும் கேட்டிருக்க முடியாத விஷயம். மாசியில் அப்பாவின் கண் கட்டைப் பிரித்ததும், நாங்கள் இரண்டு பேரும் தரங்கம்பாடிப் பக்கம் அவர்கள் வீட்டுக்குப் போனோம். பவித்ராவின் அப்பா கடலிலிருந்து வந்து தூங்கிக்கொண்டிருந்தார். அவள் அம்மாதான் பேசினாங்க. மீன் ஏலத்தில் நின்று பழகியவங்க, கண்ணைப் பார்த்தே பேசுறாங்க. உட்காரச் சொன்னாங்க, டீ கொடுத்தாங்க, பிறகு கேள்வி கேட்க ஆரம்பிச்சாங்க. உங்க பையன் குடிப்பாரா, அங்க யார் கூடத் தங்கியிருக்காரு, எங்க பொண்ணு வேலையை விடணுமா, உங்க தெருவுல யாராவது ஏதாவது பேசினா நீங்க எந்தப் பக்கம் நிப்பீங்க. ஒவ்வொரு பதிலையும் திருப்பித் திருப்பிப் பார்த்தாங்க. என்னை மாதிரி ஒருத்தியை அன்றைக்குத்தான் எதிரே உட்கார வைத்துப் பார்த்தேன். எனக்கு வியர்த்துவிட்டது. ஆனாலும் உனக்காக எல்லாவற்றுக்கும் பதில் சொன்னேன்.

"கோவம் வந்தா என்ன செய்வாரு?" என்று கேட்டாங்க.

"கை நீட்ட மாட்டான். சத்தம்கூடப் போட மாட்டான்."

"அதைக் கேக்கலைங்க. பேசாம இருந்துடுவாரா?"

எனக்குப் புரியவில்லை.

"தை மாசம் எங்க பொண்ணுகிட்டயும் பேசலைங்க. உங்களுக்குள்ள ஏதோ மனஸ்தாபம்னு பின்னாடி தெரிஞ்சுது. அப்ப எங்க பொண்ணுக்குத் தெரியாது. போனைக் கையிலயே வச்சுக்கிட்டு, நான் என்னம்மா தப்பு செஞ்சேன்னு என்னையக் கேட்டுச்சு. நாங்க கடலுக்கு ஆளை அனுப்பிட்டுக் கரையில நிக்கிறவங்க. திட்டினாப் பரவாயில்லைங்க. சத்தமே வராம இருந்தாத்தான் எங்களுக்குத் தாங்காது."

என்னோடு கோபம், சரி. அவளோடு என்ன? நீ பேசாமல் இருந்த அந்த நாட்களில்தான் அவள் என் ஒரு போனுக்கு பஸ் ஏறி நம் வீட்டுக்கு வந்தாள். நம் மாடியில் நின்று இல்லைங்க என்று உண்மையைச் சொன்னாள். உன்னைப் பற்றி ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. அங்கே உட்கார்ந்திருந்தபோது உன் மேல் எனக்கு வந்த சந்தேகம் இன்னும் போகவில்லை. அப்பா ஆமாம் சொல்லித் தப்பிப்பார். நீ ஒன்றுமே சொல்லாமல் தப்பிக்கிறாய்.

அவங்க கேள்விக்கு நான் பதில் சொல்லவில்லை. தெரியாததைத் தெரியும் என்று சொல்ல அன்றைக்கு எனக்கு வாய் வரவில்லை. "அதை அவன்தாங்க சொல்லணும்" என்றேன். சரி என்று தலையாட்டிவிட்டு, பொண்ணு இஷ்டம் என்று சம்மதம் சொன்னாங்க. அதற்குப் பிறகு அந்தப் பேச்சை எடுக்கவில்லை. ஆனால் மறந்திருக்க மாட்டாங்க. நானாக இருந்தால் மறந்திருக்க மாட்டேன்.

அவங்க நம்பரை இதோடு அனுப்புகிறேன். பொழுது சாய்ந்த பிறகு கூப்பிடு, அப்போதுதான் வேலையெல்லாம் முடிந்து வீட்டில் இருப்பாங்க. போனை எடுத்ததும் ஒன்றும் பேச மாட்டாங்க, யார் என்று கேட்கக்கூட மாட்டாங்க, அது அவங்க வழக்கம். லைன் கட்டாகிவிட்டது என்று வைத்துவிடாதே. நீ முதலில் பேசு.

அம்மா